மரத்தளத்தை அரிக்கும் அவசரக் கருவிகள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மே மாதம் பிறந்துவிட்டால் பெயின்ட் கடைகளில் கூட்டம் கூடிவிடும். வீட்டின் பின்புறம் பலகை பாவி அமைத்த மரத்தளத்தை அங்கே டெக் என்பார்கள். அதைக் கழுவி, ஸ்டெய்ன் (மரச்சாயம்) பூசி, சீலர் (நீர்த்தடைப் பூச்சு) அடித்து அடுத்த பனிக்காலத்துக்குத் தயார் செய்யும் பருவம் அது. டொரொன்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் வீடு வாங்கிக் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய வேலைதான். மாதக்கணக்கில் பனிக்குவியலுக்கு அடியில் கிடந்த பலகை சாம்பல் பூத்து, பாசி பிடித்து வெளியே வரும். ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்காரர் கடைக்குப் போகிறார்.

அங்கே அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஸ்டெய்ன் வாங்கும்போது காசு பார்க்காதீர்கள், இருப்பதிலேயே விலை கூடியதை வாங்குங்கள். கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம், எது வேகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவுங்கள், ஸ்ப்ரேயரால் தெளியுங்கள், இல்லாவிட்டால் தடித்த ரோலரால் உருட்டுங்கள். பிரஷ் என்பது ரோலர் எட்டாத மூலைக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் இதையே சொல்கிறார், வேலைக்கு வரும் ஒப்பந்தக்காரரும் இதையே செய்கிறார். இத்தனை பேர் சொல்வதாலேயே அது சரி என்று ஆகிவிட்டது.

அது சரியில்லை. ஸ்டெய்ன் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் மரத்துக்குள் இறங்கினால்தான் மரத்தைக் காக்கும். அது இறங்குமா, மேலேயே நின்று உரியுமா என்பதை முடிவு செய்பவை மூன்று: பலகையை எதைக் கொண்டு சுத்தம் செய்தோம், ஈரத்தை எதைக் கொண்டு அளந்தோம், பூச்சை எதைக் கொண்டு ஏற்றினோம். இந்த மூன்று இடத்திலும் அவசரக் கருவிகள் மரத்துக்குத் தீங்கு செய்கின்றன. அந்தத் தீங்கு அன்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரிரு பனிக்காலம் கழித்துத் தெரியும்போது பழி ஸ்டெய்ன் மேல் விழுகிறது, கருவி தப்பித்துக்கொள்கிறது.

முதலில் பிரஷர் வாஷர். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் பெட்ரோல் இயந்திரங்களில் பல, சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் தருபவை. டெக் கட்டப் பயன்படும் பைன், செடார் போன்ற மென்மரங்களுக்கு 500, 600 பவுண்டு அழுத்தமே போதும் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வரம்பு. ஏன் என்று பலகையைக் குனிந்து பார்த்தால் புரியும். அதன் முகத்தில் வெளிர்ப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. வெளிர்ப் பட்டை, இளவேனிலில் மரம் விறுவிறுவென்று வளர்ந்தபோது உண்டானது. அதன் செல் சுவர்கள் மெல்லியவை. கரும்பட்டை, கோடையின் பிற்பகுதியில் மெல்ல வளர்ந்தது, கெட்டியானது. அழுத்த நீர் பாய்ந்ததும் வெளிர்ப் பட்டை பறிந்து பள்ளமாகிறது, கரும்பட்டை வரப்பாக எழுந்து நிற்கிறது. பலகை முழுவதும் நார் பிரிந்து சிலும்பிக்கொள்கிறது. அடுத்த வாரம் பூசும் ஸ்டெய்ன் அந்தத் தளர்ந்த நாரைத்தான் பற்றிக்கொள்ளும். நார் உதிரும் நாளில் ஸ்டெய்னும் அதனோடு போகும்.

கழுவிய உடனே பலகை பளிச்சென்று புதிதுபோல் தெரிவது உண்மை. அந்தப் பளிச்சுக்குக் கொடுத்த விலை, பலகையின் மேல்தோல். சாம்பல் நிறமாகி நலிந்த படலம் மட்டும் போகவில்லை. அதற்குக் கீழே நன்றாக இருந்த மரமும் சேர்ந்து போகிறது. போதாததற்கு, அழுத்தத்தால் விரிசல்களுக்குள் ஏறிய தண்ணீர் காய நாள்கணக்காகும். அது காயும்வரை ஸ்டெய்ன் உள்ளே நுழைய இடமில்லை.

சுத்தம் செய்கிறோம் என்று மரத்தைத் தேய்த்தே தீர்க்கும் பிழை இன்றைய இயந்திரத்தோடு தொடங்கியதும் அல்ல. கப்பல்களின் தேக்குத் தளங்களை மாலுமிகள் மணற்கல்லால் உரசி வெளுக்கச் செய்வது ஒரு காலத்தில் கடற்படைகளின் அன்றாட ஒழுங்கு. தளம் வெள்ளை வெளேர் என்று இருப்பதுதான் கப்பலுக்குப் பெருமை. ஆனால் உரச உரசப் பலகை மெலிந்தது. மாற்றும் செலவு கட்டுப்படியாகாமல், 1931-ல் அமெரிக்கக் கடற்படை, கறை நீக்க மட்டுமே அந்தக் கல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்று தேக்குத் தளம் உள்ள பாய்மரப் படகுகளின் சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, மென்மையான பிரஷ்ஷால் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும் என்பது. நாரின் திசையிலேயே தேய்த்தால் வெளிர்ப் பட்டை அரித்துப்போகும் என்று அவர்கள் அறிந்திருக்கிறார்கள். தேக்குக்கே இந்தக் கவனம் தேவையென்றால் பைன் பலகைக்கு எவ்வளவு தேவை?

பழைய டெக்குகளில் இப்படி மரத்தை அரிப்பது உடல்நலப் பிரச்சினையும்கூட. 2003-க்கு முன் வட அமெரிக்காவில் கட்டப்பட்ட மரத்தளங்களில் மிகப் பெரும்பாலானவை குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றிய மரத்தால் ஆனவை. கரையானும் பூஞ்சையும் அண்டாமலிருக்க அந்த மருந்து. 2003 டிசம்பர் 31-ஆம் தேதிக்குப் பின் வீட்டு உபயோகத்துக்கு அத்தகைய மரம் தயாரிப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் கட்டியவை எத்தனையோ வீடுகளில் இன்னும் நிற்கின்றன, குழந்தைகள் அவற்றின் மேல் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். இந்த மரத்தை உப்புத்தாளால் தேய்க்கவோ அழுத்த நீரால் கழுவவோ வேண்டாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. ஆர்சனிக் உள்ள மரத்தூளும் நாரும் தோட்டத்து மண்ணில் இறங்கிவிடும் என்பதே காரணம். மரத்துக்குள் ஊடுருவும் வகைப் பூச்சை ஆண்டுக்கு ஒருமுறையாவது பூசினால் கையில் ஒட்டும் ஆர்சனிக் குறையும் என்றும், உரியக்கூடிய படலப் பூச்சுகள் தளத்துக்கு உகந்தவை அல்ல என்றும் அதே முகமை சொல்கிறது. 25 ஆண்டு வயதான டெக்குக்கு வாடகை பிரஷர் வாஷரைப் பரிந்துரைப்பவர் முதலில் அது எப்போது கட்டியது என்று கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எதைக் கொண்டு கழுவுவது? தோட்டக் குழாய், நீளக் கைப்பிடி போட்ட கெட்டியான நைலான் பிரஷ், ஒரு வாளி. வாளியில் சோடியம் பெர்கார்பனேட் கரைசல். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும் இந்தத் தூள், பாசியையும் நலிந்த சாம்பல் படலத்தையும் தளர்த்திவிடும். கால் மணி நேரம் பலகை காயாமல் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். அதன் பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி மறுபடி கழுவினால் கருத்த இடங்கள் தெளிந்து மரத்தின் நிறம் திரும்பும். இரண்டு வேலைக்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இரும்புக் கம்பி பிரஷ்ஷையும் இரும்பு நார்ச் சுருளையும் மட்டும் கிட்டே சேர்க்கக் கூடாது. செடாரிலும் ரெட்வுட்டிலும் உள்ள டானின், நாருக்குள் உடைந்து தங்கும் இரும்புத் துணுக்குகளோடு சேர்ந்து மையைப்போல் கருத்துவிடும். அந்தக் கறை புதிய ஸ்டெய்னுக்கு அடியிலிருந்தும் மேலே தெரியும்.

அடுத்தது ஈரம். புது டெக் கட்டினால் ஒரு வருடம் காத்திருந்து பூசுங்கள் என்பது பரவலாக வேரூன்றிய இன்னொரு அறிவுரை. மருந்து ஏற்றிய பலகை ஆலையிலிருந்து நனைந்தே வருகிறது, ஆகவே காய வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் காய்ந்ததா என்பதைச் சொல்ல வேண்டியது நாள்காட்டி இல்லை. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1910 முதல் இயங்கும் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம், வெயிலில் வெறுமனே கிடக்கும் மரத்துக்கு என்ன ஆகிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. மர நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. சில வார வெயிலிலேயே மேற்பரப்பு வலுவிழந்து, மேலே பூசும் பெயின்ட் ஒட்டும் பலம் குறைந்துவிடுகிறது. ஒரு வருடம் காத்திருப்பவர், பூச்சு பிடிக்க வேண்டிய தளத்தையே வெயிலுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்டெய்ன் நிற்கவில்லையே என்று வருந்துகிறார்.

காத்திருப்பைச் சரியாக முடித்துவைக்கும் கருவி ஒன்று உண்டு. இரண்டு ஊசிமுனை கொண்ட ஈரமானி. பலகைக்குள் முனையை அழுத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 15 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலான ஸ்டெய்ன்களைப் பூசலாம். நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் சில வாரத்தில் வந்துவிடும் பலகையும் உண்டு, நிழலில் கிடந்து மாதக்கணக்காகும் பலகையும் உண்டு. ஒரே டெக்கில் வீட்டுச் சுவர் ஓரத்துப் பலகைக்கும் நடுப்பலகைக்கும் அளவு மாறும். மானி இல்லாதவர் பலகையில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொண்டால் மரம் பூச்சை ஏற்கும், முத்துமுத்தாக மேலே நின்றால் ஏற்காது.

இப்போது பூசும் கருவி. வாதத்தின் மையம் இதுதான்.

ஸ்ப்ரேயர் ஸ்டெய்னைப் பலகையின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நுண்துளிகள் படிந்து சீரான நிறத்தில் மினுமினுக்கின்றன, பார்ப்பதற்கு வேலை முடிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் மரத்தின் துளைகளில் காற்று அடைத்திருக்கிறது, நாரின் இடுக்கில் தூசி உட்கார்ந்திருக்கிறது. பிரஷ்ஷின் மயிர்நுனி அந்த இடுக்கில் நுழைந்து, தூசியைக் கிளப்பி, காற்றை வெளியேற்றி, திரவத்தை உள்ளே தள்ளுகிறது. மேடிசன் ஆய்வகம் வெளியிட்டுவரும் மரக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பிரஷ்ஷால் பூசும்போது ஸ்டெய்ன் நன்றாக ஊடுருவுகிறது, நீண்ட நாள் உழைக்கிறது, ஸ்ப்ரேயராலோ ரோலராலோ பூசினால் ஈரம் காயுமுன் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். தெளித்தபின் தேய்க்கும் இந்த இரண்டாம் பாதியைத்தான் அவசர அறிவுரை விட்டுவிடுகிறது. அதை விட்டபின் மிஞ்சுவது சாயம் தெளித்த பலகை மட்டுமே.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் படிக்கட்டுக்குப் போக வேண்டும். படிப் பலகையை அறுத்த முனையில் மரத்தின் குழாய்கள் அத்தனையும் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிப்பது அந்த முனைதான். டெக்கில் அழுகல் முதலில் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேயும், திருகு இறங்கிய இடங்களிலும், பலகை சட்டத்தின் மேல் உட்காரும் இடுக்கிலும்தான். ஸ்ப்ரேயரின் விசிறி அந்த முனையை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகும். ரோலர் அதைத் தொடுவதே இல்லை. 2 அங்குல பிரஷ்ஷில் ஸ்டெய்னை நிறைய எடுத்து அந்த முனையில் ஒற்றினால் அது உடனே குடித்துவிட்டு வெளுக்கும்; மறுபடி ஒற்ற வேண்டும், மறுபடி குடிக்கும்; இனி வேண்டாம் என்று மரமே நிறுத்தும்வரை கொடுக்க வேண்டும். இந்தச் சில நிமிட வேலையைச் செய்துதர எந்த இயந்திரமும் இல்லை.

ரோலர் பக்கம் நிற்பவர்கள், தடிப்பாகப் பூசினால் தடிப்பாகக் காக்கும் என்கிறார்கள். விரிசலை மூடி, பழைய பலகையைப் புதுப்பிக்கும் என்ற வாக்குறுதியோடு ஒரு காலத்தில் தடித்த பூச்சுகள் சந்தைக்கு வந்தன. ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தின் 'ரெஸ்டோர்' அவற்றில் பேர்பெற்றது. தேன்கூட்டு வடிவ ரோலரால் உருட்டிப் பூசுவது. பூச்சு குமிழியாக எழும்புகிறது, உரிகிறது, துண்டு துண்டாகப் பெயர்கிறது என்று அமெரிக்காவெங்கும் வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இல்லினாய் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட அந்த வழக்குகள் 2017-ல் 93 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தன; தன் மேல் தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சரக்கின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இங்கே தேவையில்லை. தளம் என்பது மழை தேங்கும், வெயில் நேராக விழும், கால் தேய்க்கும் கிடைமட்டப் பரப்பு. பலகை ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது மேலே விரித்த படலம் அதோடு இழுபட்டு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே இறங்கிய தண்ணீர் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. பனி உறைந்து உருகும் ஊரில் மீதி வேலையை அதுவே முடித்துவிடும். ஊடுருவிய ஸ்டெய்னில் உரிந்துபோக எதுவும் இல்லை. அது வெளுத்துத் தேயும், கழுவி மேலே பூசிக்கொள்ளலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது நேரம். பிரஷ்ஷால் யார் குனிந்து குனிந்து பூசுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். 12 அடி அகலம், 16 அடி நீளமுள்ள ஒரு டெக்கில் ஐந்தரை அங்குலப் பலகைகள் ஏறத்தாழ 25 இருக்கும். 4 அங்குல பிரஷ்ஷால் ஒரு பலகைக்கு 5 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். முதுகு வலிப்பவர்கள் நீளக் கைப்பிடியில் மாட்டும் அகல பிரஷ்ஷால் நின்றபடியே பூசலாம். ஸ்ப்ரேயரை எடுப்பவர் சுவரையும் சன்னலையும் செடிகளையும் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும், காற்று நிற்கும் நேரம் பார்க்க வேண்டும், முடிந்ததும் குழாயையும் பம்பையும் பிரித்துக் கழுவ வேண்டும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காற்றில்லா ஸ்ப்ரேயரின் முனையில் பாயும் திரவம் விரலுக்குள் ஊசிபோல் ஏறிவிடும் அளவு அழுத்தம் உள்ளது. அப்படி ஏறினால் காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஸ்ப்ரேயருக்கு இடமே இல்லை என்பதில்லை. நெருக்கமான கைப்பிடிச் சட்டங்கள், பின்னல் தட்டிகள், கை நுழையாத அடிப்பகுதி ஆகியவற்றில் அது உதவும்; ஒருவர் தெளிக்க, பின்னாலேயே இன்னொருவர் பிரஷ்ஷோடு வந்தால். ரோலரையும் அப்படிப் பயன்படுத்தலாம். அழுத்தத்தைக் குறைத்து, அகன்ற விசிறி முனை போட்டு, நாரின் திசையில் விலகி நின்று கழுவத் தெரிந்தவர் கையில், ஆர்சனிக் மருந்து ஏற்றாத மரத்தில் பிரஷர் வாஷர்கூடப் பெருங்கேடு செய்யாது. மறுக்கப்படுவது, இந்த நிபந்தனைகளை உதறிவிட்டு வேகத்தை மட்டும் விற்கும் அறிவுரை.

பிரஷ் எடுத்தால் மட்டும் போதாது, சரியானதை எடுக்க வேண்டும். எண்ணெய் சார்ந்த ஸ்டெய்னுக்குப் பன்றி மயிர் பிரஷ். தண்ணீர் சார்ந்ததற்கு நைலானும் பாலியஸ்டரும் கலந்தது. பன்றி மயிர் தண்ணீரை உறிஞ்சித் தொய்ந்துவிடும். முனை பிளந்த மயிர் திரவத்தை அதிகம் தாங்கும். இரண்டு மூன்று பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விடாமல் பூசிப்போக வேண்டும். பாதியில் நிறுத்தி, காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி பூசினால் அங்கே இரட்டை நிறத்தில் ஒரு கோடு விழுந்து நிரந்தரமாகிவிடும். உச்சி வெயிலில் பூசினாலும் அதே கதிதான். பூசுமுன் தேய்க்கும் உப்புத்தாளும் 60 முதல் 80 எண்ணுக்குள் இருக்கட்டும். அதைவிட நைசாகத் தேய்த்தால் மரத்தின் துளைகள் அடைந்து ஸ்டெய்ன் இறங்காது.

மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெய் ஸ்டெய்னைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விட்டால் பிசுபிசுப்பாகப் படலம் கட்டும். கருவிப் பட்டியலில் யாரும் சேர்க்காத அந்தத் துணிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 இரவு ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22-ஆம் மாடியில் தீ தொடங்கியது அப்படித்தான். மரவேலைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். 30-ஆம் மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தான் கடைசியில் தீயை நிறுத்தின. எரிந்த கட்டடம் 1999-ல் இடிக்கப்பட்டது. ஆகவே துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிறைத்த உலோக டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

இத்தனையும் தாமாகச் செய்ய இயலாமல் ஆள் வைத்துச் செய்பவர்களே அதிகம். அவர்கள் ஒப்பந்தக்காரரிடம் எந்தக் கம்பெனி ஸ்டெய்ன் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். விலைப்பட்டியலில் எழுத்தில் வாங்க வேண்டியவை வேறு: என்ன அழுத்தத்தில் கழுவப்போகிறார், எத்தனை சதவீத ஈரத்தில் பூசுவார், அதை யார் முன்னிலையில் அளப்பார், தெளித்தால் பின்னாலேயே பிரஷ் போடுவாரா, அறுத்த முனைகளைத் தனியாகப் பூசுவாரா, எண்ணெய்த் துணிகளை எங்கே போடுவார். 2003-க்கு முன் கட்டிய டெக் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஸ்டெய்ன் டப்பா அடுக்கிய தட்டிலேயே ஈரமானியையும் நைலான் பிரஷ்ஷையும் வைத்து விற்கட்டும். பிரஷர் வாஷரை வாடகைக்குக் கொடுக்கும்போது மென்மரத்துக்கான அழுத்த வரம்பை இயந்திரத்தின் மேலேயே ஒட்டிக் கொடுக்கட்டும்.